மைல்கல் அண்ணே காலை எங்கே வைப்பார்?

மதுரையில் வண்டி ஓட்டியவர்கள் ஆயிரம் பேர் இருக்கலாம். வண்டியை நிறுத்த வழியில்லாமல் ஓட்டிக்கொண்டே இருந்த மனிதர் மைல்கல் அண்ணே ஒருவர்தான்.

எழுபதுகளின் கடைசியில் ஆரப்பாளையத்து லாட்ஜ் ஒன்றில் நாங்கள் பக்கத்துப் பக்கத்து அறை. நான் ஆபீசில் ஃபைல் தள்ளுகிறவன். அவர் ஒரு கடைக்காக மேற்கே தோட்டந்துரவெல்லாம் சுற்றி பம்புசெட் விற்கிறவர். அவருடைய சொந்தப் பெயர் அவர் அக்காவுக்கும் ரேஷன் கார்டுக்கும் மட்டும்தான் தெரியும்.

பட்டாளத்து ஏலத்தில் எருமைக்கடா மாதிரி ஒரு மோட்டார் சைக்கிளை எடுத்தார் அண்ணே. அது போதாதென்று அவனியாபுரத்துப் பட்டறையில் கொடுத்து இன்னும் ஒரு முழம் உயர்த்திக்கொண்டார். வண்டி உயர்ந்தது, அண்ணே உயரவில்லை. ஏறி உட்கார்ந்தால் இரண்டு காலும் அந்தரத்தில் தொங்கும். நிற்க வேண்டுமானால் கால் ஊன்ற ஒரு கல் வேண்டும். மைல்கல், சுமைதாங்கிக் கல், பாலத்துக் கட்டைச் சுவர் எதுவானாலும் சரி. எந்த ஊரில் எந்தக் கல் எங்கே இருக்கிறது என்பது அவருக்கு மனப்பாடம். கல் இல்லாத ஊரில் அவர் பம்புசெட் விற்றதே இல்லை.

ஒருநாள் பொறுக்க முடியாமல் கேட்டேன். "எதுக்குண்ணே இம்புட்டு ஒசரம்? கொஞ்சம் எறக்கித் தொலைங்களேன்."

"தம்பி, பெரிய வண்டி வாங்குறவன் எதுக்கு வாங்குறான்? ஆபீசுக்குப் போகவா? ரோடு முடியுது பாரு, அதுக்கு மேல போக. அங்கன கல்லும் குழியுமால்ல கெடக்கும். ஒசரம் இல்லேன்னா வண்டி வகுத்துல இடிச்சுப்புடும்."

"சரி, எப்பப் போறீங்க?"

"போவேன்டா. இமயமலைக்கே போவேன். அங்க கல்லுக்கா பஞ்சம்?"

அதற்காக வண்டியின் இரண்டு பக்கமும் பட்டாளத்து இரும்புப் பெட்டிகள் தொங்கின. உள்ளே கயிறு, டியூப், மண்ணெண்ணெய் ஸ்டவ், கம்பளிக் குல்லாய். மதுரை வெயிலில் அந்தக் குல்லாய் பெட்டிக்குள்ளேயே வெந்திருக்கும். சாயங்காலம் லாட்ஜ் வாசல் டீக்கடையில் பெரிய வண்டிக்காரர்கள் கூடுவார்கள். ஒருவருக்குச் சத்தம் வேண்டும். ஒருவருக்கு மைலேஜ் வேண்டும். ஒருவர் மட்டும் உண்மையைச் சொன்னார், மாமனார் ஊர்க்காரன் பார்க்க வேண்டும் என்று. அண்ணே உட்காராமல், கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு குறுக்கும் நெடுக்கும் நடந்தபடியே எல்லாருக்கும் பதில் சொல்லுவார். அந்த மனுஷன் உட்கார்ந்து டீ குடித்து நான் பார்த்ததில்லை.

ஒருமுறை பாலத்தருகே மேடையில் நின்ற டிராபிக் போலீஸ்காரர் கையைக் காட்டினார். மற்ற வண்டிகள் நின்றன. அண்ணே எங்கே நிற்பது? போலீஸ்காரரையே சுற்றி வந்தார். அவர் விசில் ஊதினார், இவர் சுற்றினார். திட்டினார், இவர் சுற்றினார். மனிதருக்குத் தலை கிறுகிறுத்து மேடையை விட்டு இறங்கியதும், அண்ணே அந்த சிமெண்டு மேடையில் காலை ஊன்றி, "இப்பச் சொல்லுங்க சார், என்ன விசயம்?" என்று கேட்டார்.

அவனியாபுரத்தில் வேறு விதமான சோதனை. வேப்பமரத்தடியில் அவர் வழக்கமாகக் கால் வைக்கும் கல்லுக்கு யாரோ மஞ்சள் பூசி மாலை போட்டுவிட்டார்கள். செருப்புக்காலை வைக்க வந்தவர் பதறிப்போய் இரண்டு கையையும் கூப்பிவிட்டார். ஹேண்டில்பாரை யார் பிடிப்பது? வண்டி வைக்கோல் போருக்குள் போய் நின்றது. கல் இல்லாமல் அவர் நின்றது அந்த ஒரு தடவைதான்.

இதையெல்லாம் சொல்லி நாங்கள் சிரித்தோம். அக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. தம்பிக்கு வயது ஏறிக்கொண்டே போனது. பார்த்த பெண் வீட்டாரெல்லாம், ஒரு இடத்தில் நிற்காத மாப்பிள்ளை வேண்டாம் என்றார்கள். கடைசியில் கீழக்குயில்குடியில் ஒரு விவசாயக் குடும்பத்துப் பெண் அமைந்தது. அக்கா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். "இதும் தட்டிப்போச்சுன்னா வண்டிய வித்துப்புடணும். என் மேல சத்தியம் பண்ணு." அண்ணே சத்தியம் செய்தார். அன்று சாப்பிடவில்லை.

பெண் பார்ப்பதற்கு முந்தின நாளே போய்ப் பெண் வீட்டுத் தெருவைப் பார்த்துவிட்டு வந்தார். "வாசல்லயே துவைக்கிற கல்லு கெடக்கு தம்பி. எனக்குன்னே செஞ்சு போட்டாப்புல!"

மறுநாள் அக்கா பஸ்ஸில் முன்னால் போய்விட்டார். நான் அண்ணனுக்குப் பின்னால், இரும்புப் பெட்டிகளின் மேல் காலை அகட்டி வைத்து, மடியில் பழத்தட்டோடு உட்கார்ந்திருந்தேன். சமணர் மலை தாண்டி ஊருக்குள் நுழைந்தோம். வாசலில் கூட்டம். தெரு பளிச்சென்று கூட்டி, சாணி தெளித்துக் கோலம் போட்டிருந்தது.

துவைக்கிற கல்லைக் காணோம்.

"வாங்க மாப்ள! பெரிய வண்டின்னு சொன்னாக, எடைஞ்சலா இருக்கும்னு கல்லப் பேத்துட்டோம்!" என்று பெருமையாகக் கத்தினார் பெண்ணின் அப்பா. அண்ணே ஒற்றைக் கையால் கும்பிடு போட்டபடி அவரைத் தாண்டிப் போய்விட்டார்.

ஊரைச் சுற்றி மறுபடி வந்தோம். மறுபடியும் கும்பிடு. மறுபடியும் போனோம்.

"அண்ணே, மெயின்ரோட்டு மைல்கல்லுல நிப்பாட்டிட்டு நடந்து வருவோம்ணே."

"நடந்து போயிப் பொண்ணு பாக்கவாடா இந்த வண்டிய வாங்குனேன்?" வண்டியை மறுபடி தெருவுக்குள் திருப்பினார். "தம்பி, வண்டியும் போகப்போகுது, பொண்ணும் போகப்போகுது."

அடுத்த சுற்றில் கூட்டத்தில் சிரிப்பு கிளம்பிவிட்டது. அக்கா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார்.

அப்போதுதான் வீட்டுக்குள்ளிருந்து கடகடவென்று சத்தம். பட்டுச்சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, நெல் குத்துகிற உரலை உருட்டியபடி ஒரு பெண் வாசலுக்கு வந்தாள். நெடுநெடுவென்று நல்ல உயரம். கோலத்தின் நடுவில் உரலைக் கவிழ்த்துப் போட்டு, ஒதுங்கி நின்றாள்.

அண்ணே வந்தார். உரலில் காலை ஊன்றினார். வண்டி நின்றது.

"கால் எட்டலேன்னு வாய்விட்டுச் சொல்ல வேண்டியதுதானே? காப்பி ஆறுது, எறங்குங்க" என்றாள். ஊரே சிரித்தது. அண்ணே மட்டும் இறங்கி நின்று அவளை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். நான் பார்த்து அவர் கால் ஆடாமல் இருந்தது அன்றைக்குத்தான்.

கல்யாணம் ஆன கையோடு மதினி ஒரு பக்கத்து இரும்புப் பெட்டியைக் கழற்றச் சொல்லிவிட்டார். அந்தப் பக்கம் ஒருக்களித்து உட்கார்ந்து, நிற்க வேண்டிய இடத்தில் தன் காலை ஊன்றிக்கொள்வார். இமயமலைக்குப் போகவில்லை. கன்னியாகுமரிக்குப் போய் வந்தார்கள். "ரோடு முடிஞ்சிருச்சு தம்பி, அதுக்கு மேல கடலு. ஒங்க மதினிதான் திருப்புங்கன்னு சொல்லிருச்சு" என்றார் அண்ணே, ஏதோ சாதித்துவிட்டவர் போல.

அவருக்கு இனிமேல் கல் தேவையில்லை என்று லாட்ஜ் மேனேஜர், அண்ணே தினமும் கால் ஊன்றி வந்த வாசல் கல்லை அப்புறப்படுத்த ஆள் கூட்டி வந்தார். நான் விடவில்லை, சண்டையே போட்டேன். மதினி ஊருக்குப் போயிருக்கும்போது அந்த மனுஷன் என்னைப் பார்க்க வந்தால், காலை எங்கே வைப்பார்?