புரட்டாசியில் ஒரு போர்ச்சுகல் விருந்து

"சிலிண்டர் தீரப்போவுதுங்க. இன்னிக்கே பதிஞ்சுடுங்க" என்று சொல்லிவிட்டுத்தான் சாரதாமணி படுக்கப் போனாள். சின்னுசாமி செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்காமல் "பதியலாம், பதியலாம்" என்றார். தை மாதத்து மதியம். நாலு மணிக்குக் காபிக்காக எழுப்பியபோது அவள் எழுந்திருக்கவில்லை.

டாக்டர் வந்து மாரடைப்பு என்றார். சொந்தபந்தம் வந்தது, அழுதது, போனது. சிலிண்டரை மட்டும் யாரும் பதியவில்லை.

மாற்று சிலிண்டர் ஒன்று இருந்தது. தனி ஆளுக்கு ஒருவேளைச் சோறு, இரண்டுவேளை டீ என்று அது எட்டு மாதம் இழுத்துக்கொண்டு ஓடியது. பிறகு தீர்ந்துபோக ஒரு நல்ல நாளாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்தது. புரட்டாசி மூன்றாம் சனிக்கிழமை, பிற்பகல் மூன்றரை மணி. வாணலியில் உருளைக்கிழங்குக் குச்சிகள் பாதி வறுபட்டுக் கிடக்க, நீலத் தீ இரண்டு முறை துள்ளிவிட்டு அடங்கியது.

சின்னுசாமி சிலிண்டரை ஆட்டிப் பார்த்தார். சாய்த்துப் பார்த்தார். அதனிடம் கெஞ்சியும் பார்த்தார். அடுப்படி மூலையில் ஒரு பக்கெட்டில் கருவாடு ஊறிக்கொண்டிருந்தது. ஆறு மணிக்கு மகன் கவினும் மருமகள் இனேஸும் வந்து இறங்குவார்கள். மருமகள் போர்ச்சுகல்காரி. அந்த நாட்டிலேயே பதிவுத் திருமணம் செய்துகொண்டவர்கள். இந்த வெண்ணந்தூர் வீட்டுக்கு அவள் வருவது இதுதான் முதல்முறை.

முதல்முறை ஆனதற்குச் சின்னுசாமியைத் தவிர வேறு யாரும் காரணமில்லை. மூன்று வருடத்துக்கு முன்னால் கவின் போனில் விஷயத்தைச் சொன்னபோது, "அவ என்ற ஊட்டு வாசப்படி ஏறக்கூடாது" என்று சொல்லிவிட்டார். மகன் போனை ஸ்பீக்கரில் வைத்திருந்தது அவருக்குத் தெரியாது. அந்தப் பெண் பக்கத்தில் உட்கார்ந்திருந்ததும் தெரியாது. கவினிடம் அதற்குள் கொஞ்சம் தமிழ் கற்றுக்கொண்டிருந்தவளுக்கு அந்த ஒரு வாக்கியம் மொழிபெயர்ப்பு இல்லாமலே விளங்கிவிட்டது.

அவள் ஏறவில்லை. சாரதாமணியின் காரியத்துக்குக்கூடக் கவின் தனியாகத்தான் வந்தான். "அவளுக்கு வரோணும்னுதானுங்கப்பா. நீங்க ஒரு வார்த்தை கூப்புடலீங்களே" என்றான். குரலை உயர்த்திச் சொல்லியிருந்தால் பதிலுக்குச் சண்டை போட்டிருக்கலாம். மெதுவாகச் சொல்லிவிட்டான். அன்றிலிருந்து சின்னுசாமிக்குத் தனியாக உட்கார்ந்திருக்கும்போதெல்லாம் காது சுட்டது.

போன மாதம் இனேஸுக்குத் தானே போன் போட்டார். "அம்மிணி, ஒரு நடை வந்துட்டுப் போ சாமி" என்றார். அவள் பதில் சொல்லுமுன்பே, "உங்க ஊர்ச் சாப்பாடே பண்ணி வெக்கிறேன்" என்றும் சொல்லிவிட்டார். உடனே அவள், "வாரேனுங்க மாமா" என்றாள்.

மன்னிப்புக் கேட்க வாய் வராத மனுசன், சமையலைக் கொண்டு கேட்டுவிடலாம் என்று நினைத்துக்கொண்டார். அவருக்குத் தெரிந்த சமையல் சோறும் டீயும்.

கைப்பேசியில் தேடியதில் ஒரு பண்டம் அகப்பட்டது. உப்பிட்டுக் காயவைத்த காட் மீன், வறுத்த உருளைக்கிழங்கு, வெங்காயம், முட்டை, ஆலிவ் எண்ணெய், மேலே தூவக் கறுப்பு ஆலிவ் காய். அந்த மீனின் விலையைப் பார்த்தபோது கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். அந்தப் பணத்துக்கு மேச்சேரி ஆட்டுக்குட்டி ஒன்றையே பிடித்துக்கொண்டு வந்துவிடலாம்.

ஆனால் சின்னுசாமி முப்பத்தோரு வருடம் கோழித்தீவன ஆலையில் ஸ்டோர் கீப்பராக இருந்தவர். அங்கே ஒரு சரக்கு விலை ஏறினால் யாரும் கலங்கமாட்டார்கள். மக்காச்சோளம் இல்லையா, கம்பு போடு. சோயா இல்லையா, கடலைப் பிண்ணாக்குப் போடு. சத்துக் கணக்குச் சரியாக இருந்தால் போதும். எந்தக் கோழியும் வந்து புகார் சொன்னதில்லை. அதே முறையில் ஆலிவ் எண்ணெய்க்குச் செக்குக் கடலெண்ணெய் போட்டார். ஆலிவ் காய்க்குக் கறுப்புத் திராட்சை. புரட்டாசியில் நாமக்கல் பக்கம் முட்டையைச் சீந்த ஆளிருக்காது என்பதால் இரண்டு அட்டை முட்டை மலிவாகக் கிடைத்தது. காட் மீனுக்குச் சுறாக் கருவாடு.

அதை வாங்க ராசிபுரம் போனதில்தான் முதல் சறுக்கல்.

"புரட்டாசிலயாங்க கருவாடு?" என்றாள் கடைக்காரி.

பக்கத்தில் வெற்றிலை வாங்கிக்கொண்டிருந்தவர் திரும்பிப் பார்த்தார். சின்னுசாமி குரலைத் தாழ்த்தினார். "நாய்க்குங்க."

"அதச் சொல்லோணுமில்லைங்க" என்று, எடுத்து வைத்த நல்ல துண்டுகளைத் திரும்ப உள்ளே போட்டுவிட்டு, அடிக்கூடையிலிருந்து பழுப்பேறிய சில்லுகளை அள்ளிக் கட்டினாள். "நாய்க்கு இது போதும். பாதி வெல குடுங்க."

எனக்குத்தான் என்று சொல்ல வாய் திறந்தார். வெற்றிலை வாங்கியவர் இன்னும் போகவில்லை. பாதி விலையைக் கொடுத்துவிட்டுப் பஸ் ஏறினார்.

நாய்க்கான கருவாட்டை வியாழக்கிழமையிலிருந்து தண்ணீர் மாற்றி மாற்றி ஊறவைத்தார். நாற்றம் குறையவில்லை. கொல்லைச் சுவரில் பூனைகள் வந்து வரிசையாக உட்கார்ந்தன.

இதிலெல்லாம் பெரிய சங்கடம் ஒன்று இருந்தது. புரட்டாசி பிறக்கும் முன்னாலேயே சாரதாமணி பாத்திரம் முழுக்கப் புளி போட்டுத் துலக்கிக் கவிழ்த்துவிடுவாள். முட்டை என்ற வார்த்தைகூட அந்த மாதம் வீட்டுக்குள் வராது. சின்னுசாமியோ முப்பது வருடமாகப் புரட்டாசிச் சனிக்கிழமை தவறாமல் விடியுமுன்னே கிளம்பி நைனாமலைப் பெருமாளைப் பார்க்கப் படியேறிவிடுவார். கூடவே பக்கத்து வீட்டு வேலுசாமியும். இந்த வருடம் மூட்டுவலி என்று பொய் சொல்லித் தங்கிவிட்டார். பெருமாள் விவரம் தெரிந்தவர், பொறுத்துக்கொள்வார். கூடத்தில் படமாகத் தொங்கும் சாரதாமணியின் கண்ணைத்தான் பார்க்க முடியவில்லை. காலையிலேயே படத்தின் மேல் ஒரு துண்டைப் போட்டு மூடிவிட்டார்.

இப்போது சிலிண்டரும் கைவிட்டது. கொல்லையில் வெந்நீர் அடுப்பு இருந்தது. விறகைப் பற்றவைத்து வாணலியைத் தூக்கிக்கொண்டு போனார். கிழங்கை எடுத்துவிட்டுக் கருவாட்டைப் பிழிந்து எண்ணெயில் போட்டார்.

மூன்று நாள் பக்கெட்டுக்குள் அடங்கிக் கிடந்த வாசம் ஒரேயடியாக எழுந்து சுவரேறிக் குதித்துத் தெருவுக்குப் போயிற்று.

இரண்டு நிமிடத்தில் வாசலில் குரல். "மாப்ள. ஏனுங் மாப்ள, என்னமோ வீசுதே."

வேலுசாமிதான். மலையிலிருந்து இறங்கி நேராக வருகிறார். நெற்றியில் நாமம், கையில் துளசிப் பிரசாதம்.

சின்னுசாமி கதவை மறித்துக்கொண்டு நின்றார். "எலி செத்துருச்சுங் மச்சான்."

"எங்க?"

"அதுதான் தெரீலீங்."

இதை மட்டும் சொல்லாமல் இருந்திருக்கலாம். வேலுசாமி அடுத்தவன் கஷ்டத்தைப் பார்த்துவிட்டுச் சும்மா போகிற பிறவி இல்லை. பிரசாதத்தை மாடத்தில் வைத்தார், வேட்டியை மடித்துக் கட்டினார், மூக்கை உயர்த்தி மோப்பம் பிடித்தபடி நேராகக் கொல்லைப் பக்கம் நடந்தார்.

"அங்க இல்லீங். பீரோவுக்கடியில" என்றார் சின்னுசாமி அவசரமாக.

"இப்பத்தான் தெரீலைன்னீங்க?"

"இப்பத்தானுங் ஞாபகம் வந்துச்சு."

இருவருமாகப் பீரோவை நகர்த்தினார்கள். ஒரு கால் கழன்று பீரோ சாய்ந்து நின்றது. எலி இல்லை. கட்டிலைத் தூக்கி வாசலில் போட்டார்கள். நாற்காலி, டீப்பாய், அரிசி டிரம், தையல் மெஷின் எல்லாம் வெளியே போயின.

"தங்கச்சி படத்து மேல எதுக்குங் துண்டு?"

"தூசிங்."

"எலி நாத்தம் அடிக்குதுன்னு மூஞ்சிய மூடிட்டீங்களாக்கும்" என்று வேலுசாமி தனக்குத் தானே சிரித்துக்கொண்டு பினாயிலைத் தெளித்தார். அது போதாதென்று சாம்பிராணி போட்டார். கருவாடு, பினாயில், சாம்பிராணி மூன்றும் கூடத்தின் நடுவில் சந்தித்து ஒன்றையொன்று விசாரித்துக்கொண்டன.

கொல்லையில் ஏதோ உருளும் சத்தம். சின்னுசாமி ஓடினார். கருவாட்டில் பாதி ஒருபக்கம் கரியாகிக் கிடந்தது. மீதிப் பாதியைப் பூனைகள் சுவர்மேல் வைத்துப் பிரித்துக்கொண்டிருந்தன. தலையில் கைவைக்க நேரமில்லை. கரியைச் சுரண்டினார். கிழங்கைக் கொட்டினார். எல்லாவற்றையும் மூடி மறைக்கட்டும் என்று இருபது முட்டைகளை உடைத்து ஊற்றிக் கிளறினார். மேலே திராட்சையைத் தூவினார். திராட்சை சூட்டில் உப்பிப் பிதுங்கி அவரையே பார்த்தது.

அப்போதுதான் கார் வந்து நின்றது. ஒரு மணி நேரம் முன்னதாக.

வீட்டுச் சாமான் பூராவும் வாசலில் கிடந்தது. கவின் இறங்கி, கட்டிலைப் பார்த்தான், தையல் மெஷினைப் பார்த்தான். "ஊட்டக் காலி பண்றீங்களாப்பா?"

அவனுக்குப் பின்னால் இனேஸ். பருத்திப் புடவையைச் சுமாராகக் கட்டியிருந்தாள். வாசப்படிக்கு ஒரு முழம் முன்னால் வந்து நின்றுவிட்டாள். செருப்பைக் கழற்றினாள். நிமிர்ந்து பார்த்துக் கேட்டாள். "ஏறலாமுங்களா மாமா?"

மரியாதைக்குக் கேட்டாளா, மனதில் வைத்துக்கொண்டு கேட்டாளா என்று சின்னுசாமிக்கு விளங்கவில்லை. கையில் கரண்டியோடு நின்றார். முட்டை சொட்டியது. அவர் வாய் திறப்பதற்குள் வேலுசாமி குறுக்கே வந்தார்.

"நில்லு அம்மிணி, நில்லு. உள்ள எலி செத்துக் கெடக்குது. மொதமொதல்ல வார மருமவ அப்புடி ஊட்டுக்குள்ள கால் வெக்கப்படாது. எலியக் கண்டுபுடிச்சு எடுத்துப்போட்டு, மஞ்சத்தண்ணி தெளிச்ச பொறவுதான் வாசப்படி ஏறோணும்."

கவினின் முகம் மாறியது. "ஏறக்கூடாதுங்கறீங்களா?"

"கூடாது சாமி. எலி கெடைக்கற வரைக்கும் கூடாது."

"கெடைக்காட்டி?"

"கெடைக்காட்டி இன்னிக்கு எங்கூட்டுல படுத்துக்கங்க."

கவின் அப்பாவைப் பார்த்தான். "அன்னிக்கு ஒரு சாக்கு, இன்னிக்கு எலியாப்பா?" என்று மெதுவாகக் கேட்டான். இனேஸ் குனிந்து, கழற்றிய செருப்பில் மறுபடி ஒரு காலை நுழைத்தாள்.

அதைப் பார்த்ததும் சின்னுசாமி கரண்டியைக் கீழே வைத்தார்.

"எலி இல்லீங்" என்றார்.

வேலுசாமி திரும்பினார். "என்னங் மாப்ள?"

"எலியே இல்லீங் மச்சான். கருவாடு. நாந்தான் வறுத்தேன். மூட்டுவலியும் இல்ல. அவங்க ஊர்ச் சாப்பாடு பண்ணி வெக்கிறேன்னு அம்மிணிகிட்டச் சொல்லிப்போட்டேன். அந்த மீன் வாங்கக் கட்டுப்படியாவுல. நாய்க்குன்னு சொல்லிக் கழிசல் கருவாட்ட வாங்கிட்டு வந்து..." அதற்கு மேல் எதைச் சொல்வது, எதை விடுவது என்று தெரியவில்லை. "ஏறு சாமி. அன்னிக்குச் சொன்னதெல்லாம் தப்பு. நீ ஏறி வா."

வேலுசாமி தன் நாமத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். "பெருமாளே, நான் இந்த மூக்கால மூணு தடவ உள்ளார இழுத்தனே" என்று முனகினார்.

இனேஸ் செருப்பை உதறிவிட்டு ஏறினாள். நேராகக் கொல்லைக்குப் போய், வாணலியைப் பார்த்து, ஒரு விரலால் எடுத்து வாயில் போட்டாள். வெகுநேரம் மென்றாள். ஒரு திராட்சையை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இது எங்க ஊர்ச் சாப்பாடு இல்லீங்க மாமா" என்றாள். பிறகு தட்டை எடுத்து நீட்டினாள். "ஆனா பசிக்குதுங்க."

எல்லோரும் வாசலில் கிடந்த கட்டிலிலும் நாற்காலியிலுமாக உட்கார்ந்தார்கள். கவின் சாப்பிட்டான், இருமினான், மறுபடி சாப்பிட்டான். இனேஸ் இரண்டாம் முறை வாங்கிக்கொண்டாள். வேலுசாமி தள்ளி உட்கார்ந்து துளசியை மென்றார். சின்னுசாமிக்கு மட்டும் ஒரு வாயும் இறங்கவில்லை. திறந்த கதவு வழியாகத் துண்டு மூடிய படம் தெரிந்தது.

எதிர்வீட்டு அங்கம்மாள் சந்தடி கேட்டுத் தெருவைத் தாண்டி வந்தாள். முந்தானைக்குள் எதையோ மறைத்துப் பிடித்திருந்தாள். மருமகளைப் பார்த்துச் சிரித்தாள். சின்னுசாமியின் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினாள். "ஏனுங்ண்ணா, நல்ல நாளும் அதுவுமா இப்புடி உக்காந்துட்டீங்க?"

"எப்புடி அங்கம்மா உக்கார்றது. முப்பது வருசம் இந்த மாசத்துல முட்டைத் தோலக்கூட உள்ள உடாதவ. அவ போயி ஒரு வருசம் ஆகறதுக்குள்ள அவ ஊட்டுலயே கருவாட்ட வறுத்து, எலின்னு பொய்யும் சொல்லிட்டேன். அவ மூஞ்சிய எந்த மூஞ்சிய வெச்சுட்டுப் பாப்பேன்?"

அங்கம்மாள் வேலுசாமியை ஒருமுறை பார்த்தாள். சொல்லலாமா வேண்டாமா என்று கொஞ்சம் யோசித்தாள். பிறகு முந்தானையிலிருந்து காலிக் கிண்ணம் ஒன்றை எடுத்து, வாணலிப் பக்கம் நீட்டினாள்.

"அட, அதுக்காங்ண்ணா இத்தன விசாரம்? நீங்க நைனாமலைக்குப் போற சனிக்கெழமை பூராவும் அண்ணி கருவாடு வறுத்து எனக்கும் ஒரு கிண்ணம் குடுக்கும், யாராச்சும் கேட்டா எலி செத்துருச்சுன்னு சொல்லிருன்னுதான் சொல்லும்."