பானைக்குள் பாய்ந்த பித்தளை மரை

கடையில் கிடைக்கும் ஒரு பொருளை வீட்டிலேயே செய்துவிடலாம் என்று யாருக்காவது தோன்றினால், அவரை ஒரு கதிரையில் உட்கார வைத்துத் தேநீர் கொடுத்து, அந்த எண்ணம் தெளியும்வரை பேச்சுக் கொடுக்க வேண்டும். எனக்கு யாரும் அப்படிச் செய்யவில்லை.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாகப் பார்த்த முதல் ஆள் நான். பௌதிகவியல் படித்து, கண்டியில் வேலைக்குப் போய், சேமிப்பில் ஒரு பழைய கடைசல் இயந்திரம் வாங்கினேன். (நகை வரும் என்று அம்மா காத்திருந்தார்.) உலோகம் கடைவது என் பொழுதுபோக்கு. படித்தவள் என்பதால் வீட்டில் யாரும் என்னை மறுத்துப் பேசுவதில்லை. அதுதான் வினையாயிற்று.

தேயிலைத் தோட்டத்து லயத்தை விட்டுக் கம்பளைக்குப் பக்கத்தில் சொந்த வீடு கட்டிக் குடிபுகும் நேரம். இத்தனை காலம் பொதுப் பீலியில் குடம் பிடித்த அம்மாவுக்கு ஒரே ஆசை. தன் குசினிக்குள் தண்ணீர் வர வேண்டும், அங்கே முதல் பால் குறையில்லாமல் பொங்க வேண்டும். குசினியில் தண்ணீர் திறக்கும் பைப்பைச் சுவரோடு இணைக்கும் பித்தளைத் துண்டை நானே செய்வேன் என்றேன்.

"கம்பளை ஹார்ட்வெயார்ல இந்த சாமான் இருக்குமே தங்கம்?" என்றார் அப்பா.

"இருக்குப்பா. அது ஊருக்கெல்லாம் செஞ்சது. இது நம்ம வீட்டுக்கு."

அப்பா பெருமையில் தலையாட்டினார். (பயத்தில் என்று இப்போது சொல்கிறார்.)

தண்ணீர்க் குழாய்க்கான மரை கூம்பு வடிவம். உள்ளே போகப் போகக் குழாய் இறுகும், அதனால்தான் ஒழுகாது. அதை வெட்டும் கருவியும் கூம்புதான். ஓரளவு இறங்கியதும் நிறுத்திவிட வேண்டும். இன்னும் திருகினால் துளை அகன்றுவிடும்.

இதெல்லாம் எனக்குத் தெரியும். ஆனால் அன்று மலையிலிருந்து மஞ்சு இறங்கிக் என் இயந்திரம் இருந்த கொட்டிலுக்குள் வந்து நின்றது. நான் தேங்காயெண்ணெய் விட்டுத் திருகினேன். பித்தளை பொன் சுருளாகச் சுருண்டு விழுந்தது. முன்னால் அரைச் சுற்று, பின்னால் கால் சுற்று. என் கை எனக்குச் சொந்தமில்லாதது போல ஒரு தாலாட்டில் போய்க்கொண்டிருந்தது. நினைவு திரும்பியபோது கருவி மறுபக்கம் எட்டிப் பார்த்தது. குழாய் உள்ளே தொளதொளவென்று ஆடியது. வெள்ளை டேப்பைச் சுற்றோ சுற்றென்று சுற்றி இறுக்கினேன். பைப்பைச் சுவரில் பூட்டித் திறந்து பார்த்தேன், ஒழுகவில்லை. மேட்டிலிருந்த தாங்கியில் அப்போது அரையடித் தண்ணீர்தான் இருந்தது, நிரம்பினால் அழுத்தம் ஏறும் என்பதை யோசிக்கவில்லை.

குடிபுகும் விழாக் காலைக்குள் தாங்கி நிரம்பிவிட்டது. குசினி நடுவே மூன்று கல், புதுப்பானை, பால். நுரை விளிம்புக்கு ஏறியது. எல்லோரும் நெருங்கி நின்றோம். 'ஸ்ஸ்' என்று ஒரு சத்தம். பால்தான் பொங்குகிறது என்று கைகூப்பினேன்.

பைப் பிடுங்கிக்கொண்டு பறந்தது. சுவரிலிருந்து தண்ணீர் வில்லாய் வளைந்து நேரே பானைக்குள் விழுந்தது. ஜன்னல் வெயில் பட்டு அந்த வில்லில் ஏழு நிறமும் தெரிந்தன. அவ்வளவு அழகு! நான் பார்த்துக்கொண்டே நின்றேன்.

"என்னடி பாத்துக்கிட்டு நிக்கிற? கைய வச்சு அடைடி!" அம்மா கத்தினார்.

அடைத்தேன். விரலிடுக்கில் பீறிய தண்ணீர் விழாவுக்கு வந்திருந்த அத்தையின் பட்டுச் சேலையைத் தேடிப் போனது. அப்பா வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு, தாங்கியின் வால்வை மூட மேட்டுக்கு ஓடினார். அடுப்பு அணைந்திருந்தது.

அத்தை முகத்தைத் துடைத்தார். "படிச்ச புள்ள பாலுக்குத் தண்ணி கலந்து குடுத்துருச்சு. பொங்கலையே அண்ணி, என்ன செய்யப் போறீங்க?"

அம்மா நனைந்த புதுச்சேலையோடு பானையைப் பார்த்தார்.

"பானை வழிஞ்சுச்சா இல்லையா?" என்றார் அம்மா.

"வழிஞ்சுச்சு, ஆனா..." அத்தை இழுத்தார்.

"கெழக்கப் பாத்துதானே வழிஞ்சுச்சு?"

"ஆமா..."

"அப்பப் பொங்கிருச்சு. கொலவை போடுங்க!"

போட்டார்கள். அத்தையும் போட்டார், ஈரத்தோடு.

இப்போதெல்லாம் எங்கள் சொந்தத்தில் யார் புதுவீட்டில் பால் காய்ச்சினாலும், அடுப்பு மூட்டுமுன் ஒருவர் போய் வால்வை மூடிவிட்டு வருவார். போன மாதம் திகன ஊர்ப் பக்கம் சித்தி மகளின் புதுவீட்டில் யாரோ அந்த வால்வுக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தார்கள்.

"இது எந்த ஊர்ச் சம்பிரதாயம்?" என்று பூசைக்கு வந்த ஐயர் வியந்தார்.

"எங்களுக்கு வழிவழியா வர்றதுங்க சாமி," என்றார் அத்தை, என் பக்கம் திரும்பாமலே.