திறந்த தட்டும் தினவெடுத்த மூக்கும்

வாழ்க வெள்ளைக்கோட்டு வேந்தன்! ஆஸ்பத்திரி முழுதும் 'கண்ணாடிக்காரன்' என்று அழைக்கும் கிருமிப் பரிசோதனைக்கூடக் காவலன், கொடுங்கிருமி கண்டும் குலைநடுங்காதான், கைகழுவும் கடமையில் எவருக்கும் இளையாதான், முந்தாநாள் மூக்கொழுகும் தன் செல்வமகள் கடித்துத் தந்த பிஸ்கட்டை மறுக்க மனமின்றி உண்ட அன்புக்கடல், அன்னவன் தன் மூக்கோடு பொருத பெரும்போரைச் சொல்லத் துணிந்தேன். நாவே, நடுவில் குழறி என் மானத்தை வாங்காதே.

அன்று காலை அவன்முன் இருந்தது, மூன்றாம் வார்டில் படுத்திருக்கும் தச்சர் ஒருவரின் காற்புண்ணில் எடுத்த சீழ். அதனுள் பாளையமிறங்கியிருந்தது, திராட்சைக்குலை போல் திரண்டு நிற்கும் கிருமிப் பெருஞ்சேனை. தோலென்னும் மதில் உடையாதவரை வெளியே சோம்பிக் கிடந்து, உளி பட்ட சிறுகீறல் கண்டதும் உட்புகுந்து, தசையைப் பற்றி, ஒன்று இரண்டாய் இரண்டு நான்காய்ப் பல்கி, நஞ்சு கக்கி நாடு பிடிக்கும் படை அது. எந்த மருந்து அதை வெல்லும் என்றறிய, கூழ் உறைந்த வட்டத் தட்டில் அதைத் தனியே வளர்த்தாக வேண்டும். வேறு கிருமி விழுந்தால் தட்டு பாழ். பாவம் தச்சர், மருந்து தெரியாமல் இன்னும் சில நாள் முனகிக்கொண்டு கிடப்பார்.

நெருப்பில் சிவந்து ஆறிய கம்பி வளையத்தை ஏந்தி, மூடி திறந்து, சீழைத் தட்டில் கோடு கோடாய் இழுக்கத் தொடங்கிய அக்கணத்தில், அந்தோ, மூக்கு நமைத்தது!

கண்ணாடியில் ஆவி படிகிறதென்று அவனே இறக்கிவிட்ட முகக்கவசமோ தாடைக்குக் கீழே சும்மா தொங்கியது. ஏற்றலாமெனில் கையுறையில் கிருமி. தோளில் தேய்க்கலாமெனில் கோட்டும் அதே லட்சணம். நமைச்சல் நுனியில் முளைத்து, தண்டில் ஏறி, புருவத்திடையே கொடி நட்டு, தும்மலெனும் பட்டத்து யானையைக் கட்டவிழ்த்தது. பக்கத்து மேசையில் நுண்ணோக்கிக்குள் தலைவிட்டிருந்த மூத்தவளை நோக்கி வீரன் முழங்கினான்:

"அக்கா! என் மூக்கைக் கொஞ்சம் சொறிஞ்சு விடுங்க!"

"என் கையிலயும் கிளவுஸ்தான். மாஸ்க்கை ஒழுங்கா போடுன்னு தலப்பாடா அடிச்சுக்கிட்டேன், கேட்டியா? முதல்ல தட்டை மூடு!"

"இன்னும் ஒரே ஒரு கோடுக்கா!"

என்னே அவன் உறுதி! யானை வாசலில் பிளிற, விழியிரண்டும் பிதுங்க, கடைசிக் கோட்டைக் கைநடுங்காது இழுத்து, மூடியைச் சாத்தி, உடல் சுழன்று, ஆளில்லா மூலையை நோக்கி அவன் தும்மிய தும்மலில் சுவர்க் காலண்டர் படபடத்தது, ஸ்டூல் சாய்ந்தது. தட்டு பிழைத்தது.

கையுறை களைந்து, நுரை பொங்க விரலிடுக்கெல்லாம் கழுவித் துடைத்து, மூக்கை ஆசைதீரச் சொறிந்து, திசையெட்டும் அதிர அறைகூவினான்: "எத்தனை கோடி கிருமி வந்தாலும் இந்த மூக்குக்குள்ள ஒண்ணுகூட நுழைய முடியாது!" சொல்லி வாய்மூடுமுன் மறுபடி தும்மினான். அப்புறம் மறுபடியும்.

அக்கா தலை நிமிராமலே கேட்டாள்: "பாப்பாவுக்கு இன்னும் மூக்கு ஒழுகுதா?"

அவனுக்குச் சளி பிடித்திருந்தது.