ஆண் ஹார்மோன் வீட்டுக்குள் வந்தது குறித்து அக்காவுக்கு

மரியாதைக்குரிய அக்கா அவர்களுக்கு,

தங்கள் தம்பி பணிவுடன் எழுதிக்கொள்வது. தங்கள் முட்டிவலியும் அத்தானின் இருமலும் குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். இங்கே நான் ஏதோ இருக்கிறேன். தங்கள் தம்பி மனைவியோ சுகத்துக்கும் ஒருபடி மேலே இருக்கிறாள். இந்தக் கடிதத்தின் விஷயமே அதுதான். இதைக் கண்டவுடன் கிடைக்கிற வண்டியில் ஏறித் தாங்கள் புறப்பட்டு வர வேண்டும். இந்த உலகத்தில் அவள் பயப்படுகிற ஒரே ஆள் தாங்கள்தான். எனக்குப் பயந்ததாக இன்றுவரை தகவல் இல்லை.

அவளுக்கு ஐம்பத்திரண்டு முடிந்துவிட்டது தங்களுக்குத் தெரியும். மாதவிலக்கு நிற்கிற காலத்தில் இரண்டு வருஷமாக உடம்பு வெக்கை அவளைப் பாடாய்ப் படுத்தியது. சலவை நிலையத்தில் நாள் முழுக்க நீராவி இஸ்திரிகளுக்கு நடுவே நின்று மேற்பார்வை பார்த்துவிட்டு வருகிறவள், வீட்டிலும் பிரிட்ஜ் கதவைத் திறந்துவைத்து, அதன் முன்னால் நாற்காலி போட்டுக்கொண்டுதான் காய் நறுக்குவாள். டாக்டரம்மா வயிற்றில் ஒட்டிக்கொள்ள ஒரு ஹார்மோன் பட்டை கொடுத்தார். வெக்கை அடங்கியது, தூக்கம் வந்தது, பிரிட்ஜும் பிழைத்தது. அதோடு விட்டிருக்கலாம் இல்லையா? விடவில்லை. மூன்று வாரத்துக்கு முன்னால் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் தனியாகப் போய்விட்டு ஒரு காகிதப் பையோடு வந்தாள். பையை எட்டிப் பார்த்தேன். உள்ளே ஒரு டியூப். அதன் மேல் டெஸ்டோஸ்டிரோன் என்று போட்டிருக்கிறது. அக்கா, அது ஆம்பளைங்க சமாச்சாரம்! மீசை முளைக்க வைக்கிற சரக்கு!

"இது எதுக்கு?" என்று கேட்டேன்.

"டாக்டர் எழுதிக் குடுத்தாங்க. பொம்பளைங்க உடம்புலயும் இது கொஞ்சம் ஊறுமாம், வயசானா குறைஞ்சிடுமாம். பட்டாணி அளவு எடுத்துத் தொடையில தடவணும், அவ்வளவுதான்."

"அதான் எதுக்குன்னு கேக்குறேன்."

பையை என் பக்கம் தள்ளினாள். "உள்ள காகிதம் இருக்கு. படிச்சுப் பாருங்க" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போய்விட்டாள்.

படித்தேன். முப்பத்தொரு வருஷம் லிப்ட் பரிசோதகனாக இருந்தவன் நான். எந்தக் காகிதம் கையில் வந்தாலும் பழுதுப் பட்டியல் இருக்கிற பக்கத்தைத்தான் முதலில் திருப்புவேன். மற்ற பக்கமெல்லாம் கம்பெனிக்காரன் பெருமை. அந்தப் பக்கத்தில் இருந்தது என்ன தெரியுமா? பரு வரலாம், தடவிய இடத்தில் முடி வளரலாம், அளவு மீறினால் குரல் கனக்கலாம், தடவிய இடத்தை மற்றவர்கள் தொடக் கூடாது. இதற்குமேல் என்ன படிக்க? மடித்து உள்ளே வைத்துவிட்டேன். படித்த நேரத்தைவிட அதை மடிக்கத்தான் அதிக நேரம் ஆனது.

மறுநாளே ஒரு நோட்டுப் போட்டேன். இரண்டாம் நாள் ஜாம் பாட்டில் மூடியை அவளே திறந்துவிட்டாள், என்னைக் கூப்பிடவே இல்லை, ஏன் கூப்பிடலைன்னு கேட்டதுக்கு நீங்க பேப்பர் படிச்சிட்டிருந்தீங்கன்னு சொல்றா, இருபத்தாறு வருஷமா நான் பேப்பர் படிக்கும்போதுதானே கூப்பிடுவா! ஐந்தாம் நாள் ஹவுஸ் ஓனர் வந்தார், குளியலறைக் குழாய் ஒழுகுகிறது என்று இரண்டு வருஷமாக நான் எத்தனை மரியாதையாக எழுதியிருக்கிறேன், அவரும் அத்தனை மரியாதையாக ஒன்றும் செய்யாமல் இருந்தார், இவள் வாசலில் நின்று, "சார், நாளைக்குள்ள ஆள் வரலைன்னா நாங்க குளிக்க உங்க வீட்டுக்கு வந்துடுவோம்"னு சொன்னா, மறுநாள் காலை ஏழு மணிக்கு பிளம்பர் நிக்கிறான். ஒன்பதாம் நாள் வேலை செய்கிற இடத்தில், பழுதான இஸ்திரியில் பெண்களுக்குக் கை சுடுகிறது, அதை மாற்றுகிறவரை யாரும் தொட மாட்டார்கள் என்று மேனேஜரிடம் சொல்லிவிட்டு ஸ்டூல் போட்டு உட்கார்ந்துவிட்டாளாம். புது இஸ்திரி வந்துவிட்டது. நான் எல்லாவற்றையும் எழுதி, பக்கத்தில் 'மருந்தின் வேகம்' என்று சிவப்பு மையில் குறித்தேன்.

பிறகு மீசை விவகாரம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவள் சோபாவில் கண்ணசந்தாள். லிப்ட் கம்பிகளில் நூலிழை விரிசல் பார்க்க நான் வைத்திருந்த டார்ச்சையும் பூதக்கண்ணாடியையும் எடுத்து வந்து குனிந்தேன். கண்ணைத் திறந்துவிட்டாள்.

"என்ன தேடுறீங்க?"

"ஒண்ணுமில்ல, ஒரு திருகாணி விழுந்துடுச்சு."

"என் உதட்டு மேலயா?"

அன்றைக்கே, தொடக் கூடாது என்று காகிதம் சொல்கிறதே என்று என் தலையணையை எடுத்துக்கொண்டு ஹாலுக்கு வந்துவிட்டேன். ஏன் என்று அவள் கேட்கவில்லை. அன்றிலிருந்து என்னோடு சரியாகப் பேசுவதும் இல்லை.

அக்கா, உன்கிட்ட மறைக்க என்ன இருக்கு, எனக்குப் பயமா இருக்கு. ரிட்டயர் ஆனபிறகு இந்த வீட்டில் எனக்கென்று இருந்தது மூன்றே வேலை. மூடி திறப்பது, ஹவுஸ் ஓனருக்கு எழுதுவது, பல்பு மாற்றுவது. இரண்டு போய்விட்டன. மூன்றாவதையும் எப்போது பிடுங்குவாளோ என்று பல்பையே பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறேன். நாளைக்கு இவளுக்கு நானே வேண்டாம் என்று ஆகிவிட்டால் எங்கே போவேன்? நீ வந்து நாலு வார்த்தை நறுக்கென்று சொல்லி அந்த டியூபைத் தூக்கிப் போடச் சொல். நீ சொன்னால் கேட்பாள்.

அத்தானுக்கு என் வணக்கத்தைச் சொல்லவும். பிள்ளைகளுக்கு ஆசி. உன் காலில் விழுந்து எழுந்ததாகவே வைத்துக்கொள்ளவும். நேரில் வந்தால் நிஜமாகவே விழுகிறேன்.

இப்படிக்கு,
உன் அன்புத் தம்பி

பி.கு.: நான் உறை தேடிப் போன நேரத்தில் மேசைமேல் கிடந்த இந்தக் கடிதத்தை அவள் முழுக்கப் படித்துவிட்டாள். திட்டுவாள் என்று பார்த்தேன், திட்டவில்லை. டியூபை எடுத்து வந்து என் கையில் வைத்தாள். மூடிக்கு அடியில் சீல் அப்படியே இருக்கிறது. ரத்தப் பரிசோதனை முடிவு வந்த பிறகுதான் ஆரம்பிக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தாராம். முடிவு நேற்றுத்தான் வந்ததாம். "இது பலத்துக்கும் இல்ல, தைரியத்துக்கும் இல்ல. நீங்க எழுதி வச்சதெல்லாம் நான்தான்" என்றாள். "அப்ப இது எதுக்கு?" என்றேன். காகிதத்தைப் பிரித்து முன்பக்கத்தைக் காட்டினாள். மாதவிலக்கு நின்றபின் கணவனிடம் நெருங்குகிற ஆசை குறைந்து, அதனால் மனம் வருந்துகிற பெண்களுக்கு என்று இருக்கிறது. "எனக்கு வருத்தமா இருந்துச்சு. ரெண்டு தடவை டாக்டர் வாசல் வரைக்கும் போய் வெக்கப்பட்டுத் திரும்பி வந்தேன். மூணாவது தடவைதான் கேட்டேன். கேட்டு வாங்கிட்டு வந்தா, நீங்க தலையணையைத் தூக்கிட்டு ஹாலுக்குப் போறீங்க" என்று சொன்னவள் அழுதுவிட்டாள். நானும் அழுதேன், அக்கா. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், தலையணை உள்ளே போய்விட்டது. மருந்து வேலை செய்ய மாதக்கணக்கில் ஆகுமாம், ரெண்டு பேரும் நல்லாப் பேசிக்கிட்டு இருங்கன்னும் டாக்டர் சொல்லியிருக்காங்களாம். அதனால் தயவுசெய்து இப்போதைக்கு நீ வர வேண்டாம்.

அண்ணி, இது உங்க தம்பி பொண்டாட்டி எழுதுறது. இவர் மேலே எழுதினதை நம்பி வராம இருந்துடாதீங்க. போன தடவை சமையலறையில பாதி சொல்லி நிறுத்தினீங்களே, அது எனக்கு மறக்கல. செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு டாக்டரம்மாகிட்ட உங்களுக்கு நேரம் வாங்கிட்டேன். வாசல் வரைக்கும் போய்த் திரும்ப விடமாட்டேன், நான் கூட வர்றேன். அண்ணாவையும் கூட்டிட்டு வாங்க. வெளியில பெஞ்சுல இவருக்குத் துணையா உட்கார்ந்திருக்கட்டும்.