ஸ்கேன் அக்காவின் பாதிக் கதைகள்

ஆரணி ஊரையே மூச்சு விடாமல் உட்கார வைக்கக்கூடிய ஒரே ஆள் எங்கள் ஸ்கேன் அக்காதான். கவுன்சிலரோ, கான்ஸ்டபிளோ, பட்டுக்கடை முதலாளியோ, பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கண் ஆஸ்பத்திரியில் அவர் மெஷின் முன்னால் முகவாயை வைத்துவிட்டால் கப்சிப்.

அது விழித்திரையைப் படம் எடுக்கும் மெஷின். ஸ்வெப்ட் சோர்ஸ் ஓசிடி என்று பெயர். கேட்டுவிட்டால் போச்சு, பெற்ற பிள்ளையைப் பற்றிப் பேசுகிற மாதிரி அக்கா ஆரம்பித்துவிடுவார். உள்ளே ஒரு லேசர், கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம். அதன் அலைநீளம் ஓரிடத்தில் நிற்காது; இமைக்கிற நேரத்துக்குள் ஆயிரக்கணக்கான தடவை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஓடும். விழித்திரையின் ஒவ்வொரு அடுக்கிலும் பட்டுத் திரும்புவதை, மெஷின் தன்னிடமே நிறுத்தி வைத்த இன்னொரு பங்கு வெளிச்சத்தோடு கலந்து பார்த்து, எது எவ்வளவு ஆழத்திலிருந்து வந்தது என்று கணக்குப் போட்டுவிடும். அடியிலிருக்கும் ரத்தக்குழாய்ப் படலம்கூடத் தப்பாது. "சீலையைப் பிரிக்காமலே மடிப்பைப் பார்த்துடற மாதிரிங்க" என்பார் அக்கா.

ஒரே நிபந்தனை, சில நொடிகள் கண் ஆடக்கூடாது. நம் ஜனமாவது, அடங்குவதாவது! அதற்கு அக்கா கண்டுபிடித்த வழிதான் கதை. பச்சைப் புள்ளியைப் பார்க்கச் சொல்லிவிட்டு ஆரம்பிப்பார், உச்சத்தில் நிறுத்துவார். கேட்பவர் கண்ணை விரித்து உறைந்துபோகும்போது பட்டனை அழுத்துவார். மீதிக் கதை அடுத்த ஸ்கேனுக்குத்தான். பெரணமல்லூர்ப் பெரியவர் ஒருவர், கண்ணில் கோளாறே இல்லை என்று டாக்டர் அனுப்பிவிட்ட பிறகும், திருடன் பிடிபட்டானா என்று கேட்டு வாராவாரம் வந்து நின்றார்.

எங்கள் கடைக்கு வரும் பட்டுச் சேலைகளைப் பார்த்து எடுப்பவள் என் மனைவி சரஸ்வதி. ஒருநாள் எல்லா பார்டரும் கோணல் என்று நெய்தவர்களோடு சண்டை பிடித்தாள். மறுநாள் வீட்டு நிலைப்படியும் கோணல் என்றாள். கோளாறு கண்ணில்தான் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. அக்காவின் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு ஓடினேன்.

மெஷின் முன்னாலும் அவள் வாய் ஓயவில்லை. அக்கா தொடங்கினார். தேவிகாபுரத்தில் ஒரு கல்யாணமாம். கெட்டிமேளம் கொட்டியாயிற்று, மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுத்துவிட்டான். பொண்ணு நிமிர்ந்து பார்த்து ஒரே ஒரு வார்த்தை சொன்னதாம். சரஸ்வதி அப்படியே உறைந்துபோனாள். கல்யாணமான நாளிலிருந்து நான் கேட்டறியாத மௌனம் அது. படம் பளிச்சென்று விழுந்தது.

விழித்திரையின் நடுவில் ஒரு மேடு, அடியில் நீர். மாதாமாதம் ஸ்கேன் எடுத்துப் பார்த்துக் கண்ணில் ஊசி போடவேண்டும், விட்டால் நடுப்பார்வை போய்விடும் என்றார் டாக்டர். முதல் ஊசியை அழுதுகொண்டே போட்டுக்கொண்டவள், அடுத்ததற்கு மாட்டவே மாட்டேன் என்று படுத்துவிட்டாள். கெஞ்சினேன், கத்தினேன், சந்தவாசலிலிருந்து மாமனாரை வரவழைத்தேன். அசையவில்லை. உண்மையிலேயே பயந்துபோனேன். பிறகு பார்த்தால், அவளே எழுந்து தலை வாரிக்கொண்டிருக்கிறாள்.

"அந்தப் பொண்ணு இன்னா சொல்லுச்சுன்னு நெனச்சிகினே இருந்தா ஒரே பேஜாரா இருக்குதுங்க. வாங்க, ஜல்தி போயிட்டு வந்துடலாம்."

அக்கா அன்றைக்கும் சொல்லவில்லை. மாப்பிள்ளையின் அம்மா மயங்கி விழுந்ததோடு நிறுத்திக்கொண்டார். அடுத்த மாதம் பந்தியில் தகராறு. அதற்கடுத்த மாதம் மேளக்காரர் கோபித்துக்கொண்டு போய்விட்டார். கல்யாணம் நீள நீள ஊசியும் தொடர்ந்தது. எங்கள் நிலைப்படி மெல்ல நேரானது. கடைசிப் படத்தில் நீர் வற்றி, மேடு அமுங்கியிருந்தது. இனி ஊசி வேண்டாம், ஆறு மாதம் கழித்து வந்தால் போதும் என்றார் டாக்டர். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

ஆறு மாதம் காக்க வைப்பது பாவம் என்று அக்காவுக்கே தோன்றியிருக்க வேண்டும். பொண்ணு சொன்ன வார்த்தையை இப்போதே சொல்லிவிடுகிறேன் என்று வாயெடுத்தார். சரஸ்வதி சட்டென்று அந்த வாயைப் பொத்தினாள்.

"வேணாங்க்கா, வச்சிக்குங்க. கண்ணுதான் சரியாயிடுச்சே. உங்களைப் பார்க்க வர்றதுக்கு இனிமே எனக்கு அது ஒண்ணுதான் இருக்குது."