மச்சினன் கழுத்தும் பிரஸ் ஷாப் பழக்கமும்

ஆபத்து வந்தால் நான் எப்படி நடந்துகொள்வேன் என்பதில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. ஓடிவிடுவேன். ஒருமுறை சோதித்துப் பார்த்தாகிவிட்டது.

2013-இல் எனக்கு முப்பத்தெட்டு வயது. ஒரகடத்தில் கார் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியின் பிரஸ் ஷாப்பில், தகடுகளை அழுத்தி வடிவமாக்கும் வேலை. கேன்டீன் சாப்பாடு கொடுத்த தொப்பையைக் கரைக்க, ஸ்ரீபெரும்புதூரில் ஒரு பெயின்ட் கடை மாடியில் ஞாயிறுதோறும் நடந்த பிரேசிலிய ஜியு-ஜிட்சு வகுப்பில் சேர்ந்தேன். (ஜிம்முக்குப் போயிருக்கலாம். அங்கே சுற்றிலும் கண்ணாடி வைத்திருக்கிறார்கள்.)

இதில் குத்து, உதை கிடையாது. தரையில் கட்டிப் புரண்டு, ஒருவர் கழுத்தையோ கையையோ மற்றவர் மாட்டிப் பிடிக்க வேண்டும். மாட்டிக்கொண்டவர் தாங்க முடியாதபோது எதிராளியைத் தட்டுவார். உடனே விட்டுவிட வேண்டும். குன்றத்தூரிலிருந்து பைக்கில் வரும் பயிற்சியாளர் முதல் நாளே சொன்னார்: "தட்னா வுட்றணும் சார். அவ்ளோதான் ரூலு. மத்ததெல்லாம் அப்பாலிக்கா பாத்துக்கலாம்."

மூன்று மாதமாக எல்லாரையும் தட்டியது நான்தான். என்னை ஒருவரும் தட்டியதில்லை.

என் மனைவி பேச்சியின் தம்பி இசக்கிமுத்து அப்போது சுங்குவார்சத்திரத்தில் அறை எடுத்துத் தங்கி வேலை பார்த்தான். கோவில்பட்டியிலிருந்து கூட்டிவந்து சேர்த்துவிட்டதே நான்தான். "அவன் உங்க பொறுப்பு" என்று பேச்சி சொல்லியிருந்தாள். தாயில்லாத வீட்டில் அவனை இடுப்பில் தூக்கி வளர்த்தவள். ஒரு ஞாயிறு அவனையும் வகுப்புக்கு அழைத்துப் போனேன். (பாசமெல்லாம் இல்லை. என்னைவிடப் புதியவன் ஒருவன் எனக்குத் தேவைப்பட்டான்.)

"அத்தான், மெதுவாப் பிடிங்க, என்ன?"

"பயப்படாதலே. அத்தான் இருக்கேன்லா."

அதிசயமாக, அவன் தலை என் கக்கத்தில் கச்சிதமாக மாட்டியது.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். எங்கள் பிரஸ் ஷாப் இரைச்சலில் பேச்சு கேட்காது, காதையும் அடைத்திருப்போம். பெரிய தகட்டை வைக்க உதவுகிறவர், தன் கையை வெளியே எடுத்ததும் மிஷின் ஓட்டுகிறவன் முதுகில் இரண்டு தட்டு தட்டுவார். 'நான் விலகிட்டேன், அழுத்து' என்று அர்த்தம். எந்தப் பாதுகாப்பு விதியிலும் இது இல்லை. ஆனால் ஒன்பது வருஷமாக என் முதுகுக்குத் தெரிந்த பாஷை இது ஒன்றுதான்.

இசக்கி என் முதுகில் இரண்டு தட்டு தட்டினான்.

அழுத்தினேன்.

இன்னும் இரண்டு தட்டினான். இன்னும் அழுத்தினேன். அப்புறம் அவன் தட்டவில்லை.

"வுடு சார்! வுடு!" பயிற்சியாளர் பாய்ந்து வந்து என் கையைப் பிரித்தார். இசக்கி மல்லாந்து கிடந்தான். கண் பாதி திறந்திருந்தது. தொண்டையிலிருந்து குறட்டைபோல ஒரு சத்தம். பயிற்சியாளர் அவன் கால்களைத் தூக்கிப் பிடித்தார். நான் கதவோரம் மாட்டியிருந்த என் பையை எடுத்துக்கொண்டு படியிறங்கி ஓடினேன். (அந்த நிலையிலும் பையை மறக்கவில்லை.)

கீழே டீக்கடை வாசலில், வெறுங்காலோடு, வெள்ளை அங்கியும் வெள்ளை பெல்ட்டுமாக நின்று பேச்சிக்குப் போன் போட்டேன்.

"பேச்சி... இசக்கியைக் கொன்னுட்டேன்."

அவள் முகத்தை இனி எப்படிப் பார்ப்பேன் என்று நினைத்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. டீ மாஸ்டர் ஸ்டூலை நகர்த்திப் போட்டார். "இன்னா சார், அய்துகினு கீற? குந்து மொதல்ல."

பிறகு, மிக மெல்லிய குரலில் பேச்சி கேட்டாள்: "உங்களுக்கு ஒண்ணும் ஆகலைல்லா?"

நான் பதில் சொல்லுமுன் பின்னாலிருந்து இன்னொரு குரல். "போன்ல யாரு அத்தான், அக்காவா?"

இசக்கி. கழுத்தைத் தடவிக்கொண்டு நின்றான். பத்து எண்ணுவதற்குள் விழித்துவிட்டானாம். "அத்தான் எங்க?" என்று கேட்டதற்கு வகுப்பு மொத்தமும் வாசலைக் கை காட்டியிருக்கிறது.

அவன் போனை வாங்கி "அக்கா, நான்தான்" என்றான். அடுத்த கால்மணி நேரம் பேச்சி என்னைப் பற்றிச் சொன்னவை ஸ்பீக்கர் போடாமலே கடை முழுக்கக் கேட்டன.

அவள் முதலில் கேட்ட கேள்வியை நான் இசக்கியிடம் சொல்லாமல் இருந்திருக்கலாம். பெருமை தாங்காமல் அன்றைக்கே சொல்லிவிட்டேன். இன்று அவனுக்கு இரண்டு பிள்ளைகள். ஆனாலும் எந்த விசேஷப் பந்தியிலும் பேச்சி வடைத் தட்டோடு என் பக்கம் வந்தால் போதும், ஊர் கேட்க ஆரம்பித்துவிடுவான்.

"கேட்டுக்கோங்க, செத்துக் கெடந்தது நான். எங்கக்கா விசாரிச்சது யாரை?"

பந்தி சிரிக்கும். பேச்சி அவன் இலையில் இரண்டு வடை வைத்துவிட்டு நகர்வாள். எனக்கு எப்போதும் ஒன்றுதான்.