சோமாஸ் கரண்டியும் பன்னிரண்டு ரிப்பும்

இனி வெறும் கையால் ஒரு ரிப்கூட வெட்டுவதில்லை என்று எழுபத்தெட்டாம் வருஷ டிசம்பரில் இருதயநாதன் முடிவெடுத்தார். துவாக்குடிப் பக்கம் ஒரு பட்டறையில் படம் வரையும் டிராஃப்ட்ஸ்மேன், வீடு மேலப்புதூரில். ஓய்வு நேரத்தில் விமானம் செய்வார். ரப்பரை முறுக்கிவிட்டால் கூடத்துக்குள்ளேயே சுற்றிவரும் விமானம். தபால் கார்டைவிட எடை குறைவு. அது பறக்கும்போது வீட்டில் மின்விசிறி ஓடக்கூடாது, தாளிக்கக்கூடாது, மனைவி சகாயம்மாள் பெருமூச்சு விடக்கூடாது. மூன்றாவதுதான் சிரமம்.

அதன் இறக்கைக்குள் விலா எலும்பு மாதிரி பன்னிரண்டு மெல்லிய மரச் சீவல்கள் வரிசையாக நிற்கவேண்டும். அதுதான் ரிப். பன்னிரண்டும் ஒரே வளைவு. சவர பிளேடை விரலில் பிடித்து வெட்டினால் ஒன்று நிமிரும், ஒன்று குனியும். போன வருஷப் போட்டியில் அவர் விமானம் நேராக நடுவர் மடியில் போய் உட்கார்ந்தது. இந்த வருஷப் போட்டி ஞாயிற்றுக்கிழமை.

ரிப் வெட்டும் கருவிக்குப் படம் வரையவே மூன்று வாரம் ஆனது. வளைந்த தகரத்தை ஒட்டி பிளேடு ஓடவேண்டும். அதைப் பிடிக்க ஆடாத பித்தளைக் கைப்பிடி வேண்டும். பட்டறையில் எதுவும் கைக்கு அமையவில்லை. அமைந்தது சமையலறை ஆணியில் தொங்கிய சோமாஸ் கரண்டி. ஒரு முனையில் கரண்டி, மறு முனையில் சோமாஸ் ஓரம் வெட்டும் பல் சக்கரம். சகாயம்மாளுக்கு அவள் அம்மா கொடுத்தது. வெள்ளிக்கிழமை அவள் பூசைக்குப் போன நேரத்தில் சக்கரத்தை அறுத்துக் குப்பையில் போட்டுவிட்டு பிளேடைப் பொருத்தினார்.

சனிக்கிழமை காலை முதல் ரிப் வெட்டினார். அந்த வளைவைப் பார்த்து அவருக்கே கண் கலங்கியது. இரண்டாவதுக்குத் தகரத்தை நகர்த்தும்போது சமையலறையிலிருந்து குரல் வந்தது.

“ஏங்க, சோமாஸ் கரண்டியைப் பாத்தீங்களா?”

உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தார். வந்தது வேறு.

“போன கிறிஸ்துமஸுக்கு லூர்துராணி டீச்சர் வாங்கிட்டுப் போனாங்களே.”

டீச்சர் பக்கத்து வீடு. இரவல் வாங்கிய கறிவேப்பிலையைக்கூட எண்ணித் திருப்பிக் கொடுப்பவர்.

“அப்படியா? என் கையெல்லாம் மாவு. நீங்களே போய் வாங்கிட்டு வந்துடுங்க.”

டீச்சர் வீட்டு வாசலில் நின்று இருதயநாதன் கேட்டபோது குரல் அவர் காதுக்கே எட்டவில்லை. இல்லை என்பார், மன்னிப்புக் கேட்டுத் திரும்பிவிடலாம் என்று நினைத்திருந்தார். டீச்சர் அவர் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டு உள்ளே போனார். பளபளவென்று ஒரு சோமாஸ் கரண்டியோடு வந்தார்.

“மன்னிச்சுக்குங்க அண்ணே, மறந்தே போயிட்டேன். வெளிய சொல்லிடாதீங்க, மானம் போயிடும்.”

மானம் போனது வேறு ஆளுக்கு. செய்யாத குற்றத்தை ஒப்புக்கொண்ட பெண்மணியிடம் “பரவாயில்லைங்க” என்று வேறு சொல்லிவிட்டு வந்தார். கோயில் சாமியாரிடம் பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்தால் மூன்று செபத்தோடு விட்டுவிடுவார். முதலில் சகாயம்மாளிடம் செய்வதுதான் நியாயம் என்று பட்டது.

“சகாயம், ஒரு விஷயம் சொல்லணும்.”

“அப்புறம் சொல்லுங்க, மாவு காயுது. ஒரே வளைவா வெட்டுறதுல உங்களை மிஞ்ச ஆள் இருக்கா? உக்காருங்க.”

உட்கார்ந்தார். எண்பது சோமாஸ். மூன்று முறை வாய் திறந்தார். மூன்று முறையும் அவள் அடுத்த தட்டை முன்னால் தள்ளினாள். கடைசி சோமாஸ் எண்ணெய்க்குள் போனபோது மணி மூன்று. இன்னும் பதினொரு ரிப் பாக்கி. எழுந்தவரின் முதுகு பதின்மூன்றாவது ரிப்பாக வளைந்து நின்றது.

சகாயம்மாள் கரண்டியைக் கழுவித் துடைத்து அவர் கையில் கொடுத்தாள். அதன்மேல் குப்பையில் போட்ட பல் சக்கரத்தையும் வைத்தாள். அவள் முகத்தில் கோபம் இல்லை. அதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

“போன வருஷம் டீ வடிகட்டி காணாமப் போனப்பவும் டீச்சர் பேரைத்தான் சொன்னீங்க. அதனால நேத்து குப்பையில சக்கரத்தைப் பாத்ததுமே, நீங்க வந்து கேட்டா அவங்க கரண்டியைக் குடுக்கச் சொல்லி வெச்சுட்டேன். கரண்டியைக் குடுத்துட்டு வாங்க. சும்மா குடுத்துட்டு வந்துடாதீங்க, நூத்தியிருபது சோமாஸுக்கு மாவு பிசைஞ்சு உங்களுக்காகக் காத்துக்கிட்டிருக்காங்க.”